உதிரி மாத்திரை

கையைத் திறக்கவே தோணலை. உள்ளங்கைக்குள்ள அந்தப் பொட்டலம் வேர்வையில ஊறி மெத்துன்னு ஆயிருச்சு. என் தம்பி பொண்டாட்டி பூங்கொடியோட பெரியம்மாதான் குடுத்துட்டுப் போனா. நாளைக்குக் கருமாதி. செத்தவன் துணிமணியை எல்லாம் இந்த அறையிலதான் பிரிச்சுப் போட்டுட்டு இருந்தா, குடுக்கறது ஒரு பக்கம், எரிக்கறது ஒரு பக்கம்னு. காக்கிச் சட்டைப் பையில கையை விட்டவ இதை எடுத்தா, பிரிச்சு மோந்து பாத்தா, அவ முகத்துல ஒரு தெளிவு. இந்தா ருக்கு, உடம்பு வலிச் செட்டு, பல்லு வலிக்கும் நல்லாக் கேக்கும், தூக்கிப் போட மனசு வரலை, போட்டுக்க கண்ணுன்னு எங்கையில வெச்சு விரலை எல்லாம் மடக்கி விட்டுட்டு அடுத்த வேட்டியை உதறப் போயிட்டா. இப்ப அவளும் சமையக்கட்டுப் பக்கம் போயிட்டா. செத்தவன் மாத்திரையை உசுரோட இருக்கறவளுக்குக் குடுக்கறமேன்னு அவளுக்கு ஒண்ணும் இல்லை. சட்டையைக் குடுக்கலாம், செருப்பைக் குடுக்கலாம், மாத்திரையை மட்டும் ஏன் குடுக்கக் கூடாது? அவ பேச்சுல தப்பு ஒண்ணும் இல்லை. குமரேசன் என் தம்பி. எனக்கு அப்பறம் அவன், அவனுக்கு அப்பறம் யாரும் இல்லை. இப்ப எனக்கு அப்பறமும் யாரும் இல்லை. இதை நெனச்சாலாவது அழுகை வருமான்னு பாத்தேன். வரலை. பல்லுதான் ஒரு சுண்டு சுண்டுச்சு.

வலது பக்கம் கடைசிக் கடவாய்ப் பல்லு. அவனை ஆஸ்பத்திரி வண்டியில இருந்து எறக்குன அன்னிக்கு ஆரம்பிச்சது. எல்லாரும் மாரடிச்சுக்கிட்டு விழுந்தாங்க, நான் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு செவுத்தோரமா உக்காந்துட்டேன். அக்காக்காரி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா பாருன்னு யாரோ சொன்னாங்க. சொல்லட்டும். எனக்கு அப்ப அந்தப் பல்லு ஒண்ணுதான் தெரிஞ்சுது. அது தொடங்குச்சுன்னா காதுக்குப் போகும், காதுல இருந்து நெத்திப் பொட்டுக்குப் போகும், பொட்டுல நின்னுக்கிட்டு வேலையைக் காட்டும். எழவு வூட்ல பல்லைப் பிடுங்கப் போறேன்னு எந்திரிச்சுப் போக முடியுமா? இன்னிக்காவது போயிரலாம்னு பாத்தா ஞாயித்துக்கிழமை, பல்லு டாக்டர் வூடு பூட்டிக் கெடக்குது. கேதம் கேக்க வர்றவங்க எல்லாம் எங்கன்னத்தைப் பாத்ததும் அவங்க அவங்க பர்ஸைத் திறந்தாங்க. எங்க சனத்துல பொம்பளை பர்ஸுன்னா சில்லறை இருக்குதோ இல்லையோ, மாத்திரை இருக்கும். ஒருத்தி வெள்ளையில நீட்டமா ஒண்ணு எடுத்தா, இது போட்டா பிரசவ வலியே நின்னு போகும்னா. இன்னொருத்தி கேப்சூல் எடுத்தா, எதுக்குன்னு கேட்டா அவளுக்கே தெரியலை, எங்க மச்சாண்டாருக்கு மூட்டுக்குக் குடுத்ததுன்னா. கிராம்பை அடக்கிக்கன்னா ஒருத்தி, அது பரவால்ல, கிராம்பு என்னத்தைப் பண்ணிரும், அதை மட்டும் வாங்கி அடக்கிக்கிட்டேன். காலைல ரெண்டு இட்டிலியைப் பிச்சுத் தின்னுட்டு ஒரு பாராசிட்டமால் போட்டேன். சித்த நேரம் அடங்குச்சு. இப்ப மறுபடியும் எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. அடுத்ததைப் போட இன்னும் நேரம் இருக்குது. ஆறு மணி நேரமாவது விடுங்கம்மா, வலிக்குது வலிக்குதுன்னு கைக்கு வந்தபடி போட்டா அது ஈரலைப் பிடிச்சுக்கும்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லியிருக்கா.

மார்த்தாண்டத்துக்காரி அந்தப் பொண்ணு, பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆபரேசன் முடிஞ்சு வூட்டுக்கு அனுப்பற அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து எங்கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. அம்மா, இனி உங்களுக்கு இருக்கறது ஒரு கிட்னி, அதுக்கு மாத்து கிடையாது, நல்லாத்தான் இருப்பீங்க, நாங்க பாத்துக்கறோம், ஆனா வலி மாத்திரை விசயத்துல மட்டும் கவனம். வலியோ காய்ச்சலோ வந்தா பாராசிட்டமால். அதுக்கும் கேக்கலைன்னா எங்ககிட்ட வாங்க, மெடிக்கலுக்குப் போகாதீங்க. அட்டை இல்லாம உதிரியா யார் குடுத்தாலும் வாயில போடாதீங்க, பேரு தெரியாத மாத்திரை உங்களுக்கு வேண்டாம்னா. பக்கத்துக் கட்டில்ல இருந்து குமரேசன் சிரிச்சான். எங்கக்கா இனிமே ஒத்தைக் கால்ல நிக்கற கொக்கு சிஸ்டர், பாத்துச் சொல்லுங்க, விழுந்துரப் போகுதுன்னான். அவனுக்குச் சிரிப்பு. மூஞ்சி வீக்கம் எல்லாம் வடிஞ்சு, கன்னத்துல எலும்பு தெரிஞ்சு, இருபது வயசுல இருந்தவன் மாதிரி இருந்தான் அன்னிக்கு. அவ அவன் பக்கம் திரும்பி அதையேதான் அவனுக்கும் சொன்னா, எனக்குச் சொன்னதை விட அழுத்திச் சொன்னா. அவன் ரெண்டு கையையும் கூப்பி, இனி அந்தச் சனியனைக் கண்ணால பாக்க மாட்டேன் சிஸ்டர்னான். எல்லாரும் சிரிச்சோம். எனக்குச் சிரிச்சா தையல் பிடிச்சு இழுத்துச்சு, அப்படியும் சிரிச்சேன்.

ஏன்னா அவனோட கிட்னி கெட்டதே இந்தச் செட்டுலதான். ரத்தக் கொதிப்பும் இருந்துச்சு, ரெண்டும் சேந்துதான் தின்னுருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. லாரிக்குப் போன காலத்துல லோடு ஏத்துனாச் செட்டு, எறக்குனாச் செட்டு. எந்த ஊர்ல நிறுத்துனாலும் மெடிக்கல்ல போயி, அண்ணா உடம்பு வலிக்கு ஒரு செட்டுன்னா போதும். கடைக்காரன் நிமிந்து கூடப் பாக்க மாட்டான். கத்திரியில சடக் சடக்குன்னு நறுக்கி, வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, ரோஸ்ல பாதி, வயிறு எரியாம இருக்க ஒண்ணுன்னு காகிதத்துல மடிச்சுக் கையில குடுத்துருவான். என்னடா அதுல இருக்குதுன்னு ஒருக்கா கேட்டேன். அது எதுக்குக்கா நமக்கு, சாம்பார்ல என்னென்ன போட்டேன்னு உன்னைக் கேட்டுட்டா திங்கறேன்னான். நானும் சிரிச்சுட்டு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனேன். ஊர்ல எல்லாரும் அதைத்தான் திங்கறாங்க. நானே தின்னிருக்கேன், அவுனிங் கம்பெனியில உக்காந்து துணி தைச்ச காலத்துல இடுப்பு வலிக்கு. போட்ட அரை மணிக்கெல்லாம் உடம்பு பஞ்சாயிரும், யாரு என்ன திட்டுனாலும் உறைக்காது. அவனுக்குக் கால் வீங்குச்சு, மூஞ்சி வீங்குச்சு, சோத்தைப் பாத்தா ஓங்கரிச்சான், அப்பறம்தான் ரத்தத்துல உப்பு ஏறிருச்சுன்னாங்க. வாரம் வாரம் மெசின்ல கட்டி ரத்தத்தைச் சுத்தம் பண்ணுனாங்க. என் கிட்னியில ஒண்ணைக் குடுக்கறேன்னேன். எங்க வூட்டுக்காரர் மறுநாள் காலைல காப்பி குடிக்கறப்ப, உன் தம்பி, உன் உடம்பு, நான் என்னத்தைச் சொல்றதுன்னாரு. அவ்வளவுதான். குடுத்துட்டேன். குடுத்துட்டேன்னு சொல்றப்ப கூட எனக்கு ஒண்ணும் பெருசா இல்லை. தம்பிக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க.

அவனை எடுத்துட்டுப் போனப்ப வாசலோட நின்னுட்டோம். பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. தேர் தெரு முக்குத் திரும்பற வரைக்கும் தெரிஞ்சுது, அப்பறம் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. வூட்டைக் கழுவி விட்டாங்க. குளிக்கச் சொன்னாங்க, குளிச்சேன். தலையில தண்ணி ஊத்தறப்பத்தான் திடீர்னு தோணுச்சு, நான் போயிட்டேனேன்னு. நான் சுடுகாட்டுக்குப் போயிட்டேன். என்னோடது ஒண்ணு அவன் வயித்துக்குள்ள இருக்குது, அது அவனோடயே கட்டையில ஏறிருச்சு, எனக்கு ஒரு பாதிக் கொள்ளி வெச்சாச்சு. சொம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். இடது பக்கம் தழும்பு மேல தண்ணி ஓடுச்சு. சில்லுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். இதை யாருகிட்ட சொல்றது? எங்க வூட்டுக்காரர்கிட்டச் சொன்னா பயந்துக்குவாரு. பூங்கொடிகிட்டச் சொன்னா மயங்கி விழுந்துருவா. சொல்லலை. சொல்லாம வெச்சது எல்லாம் எங்க போகுதுன்னு தெரியலை, பல்லுக்குத்தான் போகுதாட்ட இருக்குது.

இந்தச் சட்டை. இதுலதான் என் நெனப்பு போயிப் போயி முட்டிக்குது. இது பழைய சட்டையா இருந்தா ஒண்ணும் இல்லை. லாரிக்குப் போன காலத்துச் சட்டைன்னா அன்னிக்கு வாங்குன செட்டு அப்படியே கெடக்குதுன்னு விட்டுரலாம். இது போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. ஆபரேசன் முடிஞ்சு வருசம் ஓடிப் போச்சு. குட்டியானை வண்டி வாங்கி முட்டை லோடு ஓட்டறேன்க்கா, உக்காந்த வேலைதான்னு சொன்னான்ல, அதுக்குப் போட்டுக்கடான்னு காக்கியில ரெண்டு எடுத்தேன். காலர் கூட இன்னும் நையலை. காகிதம் வெள்ளை வெளேர்னு இருக்குது, மடிப்புக் கலையலை. அப்ப இது போன மாசமா? அதுக்கு முந்தின மாசமா? ஒருவேளை அவனோடது இல்லாம இருக்கும். கூட வந்த லோடுமேன் பையில வெச்சிருக்கச் சொல்லிக் குடுத்திருப்பான். யாருக்காச்சும் வாங்கிட்டுப் போயிருப்பான். பூங்கொடிக்கு வாங்கியிருப்பான். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லைன்னா? அவனோட கிட்னி தீந்து போயி, என்னோடதுக்குள்ள இதைக் கொட்டிட்டு இருந்திருக்கான். அவனோடதுன்னா அவன் என்னவோ பண்ணிக்கட்டும். அது என்னோடது. அடே குமரேசா, அது என்னோடதுடா. பல்லு ஒரு இழுப்பு இழுத்துச்சு, கண்ணு இருட்டிருச்சு. வாயைத் திறந்து அந்த நோக்காட்டை வெளிய விட்டாத் தேவலைன்னு இருந்துச்சு, தாடை திறக்க மாட்டேங்குது. அப்பறம் மறுபடியும் லோடுமேன் வந்தான், பூங்கொடி வந்தா, மறுபடியும் சட்டை, மறுபடியும் தீவாளி.

போட்டா என்ன ஆயிரும்? ஒரே ஒரு வேளை. ஆபரேசனுக்கு அப்பறம் இத்தனை நாளா ஒரு செட்டு நான் தொட்டதில்லை. காய்ச்சல்ல கெடந்தப்பவும் பேரைப் பாத்துப் பாத்துத்தான் போட்டேன். சளி மாத்திரைன்னு மருமவ குடுத்தாக் கூட அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதுலயும் பாராசிட்டமால் சேத்திருந்தா தனியா இன்னொண்ணு போடக் கூடாதுன்னு. எங்க வூட்டுக்காரர் கூட, நீ பரிச்சைக்குப் படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேன்னு கேலி பண்ணுவாரு. இப்படி எல்லாம் ஒண்ணைக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன், இன்னொண்ணு அங்க வெந்து போயிருச்சு. நான் இதை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? போட்டுட்டா அரை மணியில பஞ்சாயிரும். பல்லு போகும், சட்டை போகும், தீவாளி போகும். சாயங்காலம் மாமன் மச்சான் எல்லாம் வர்றப்ப எந்திரிச்சு நின்னு வாங்கன்னு சொல்லலாம். பொட்டலத்தைப் பிரிச்சேன். பிரிச்சதே எனக்குத் தெரியலை. மஞ்சள், வெள்ளை, பாதி ரோஸ். மஞ்சளோட ஓரம் வேர்வையில கரைஞ்சு காகிதத்துல ஒட்டிக்கிச்சு. வாய்கிட்ட கொண்டு போனேன். கசப்பு வாடை. எனக்கு இந்த வாடை தெரியும். குமரேசன் எங்க வூட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத் தண்ணிச் சொம்பைத் தூக்கறப்ப வர்ற வாடை. போன பொங்கலுக்கு வந்தப்பவும் வந்துச்சு. அன்னிக்கு எனக்குத் தெரியலை. இன்னிக்குத் தெரியுது. லோடுமேனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. மறுபடியும் மூடிக்கிட்டேன்.

பூங்கொடி வந்தா. நங்கை, வெந்நி கொண்டாந்திருக்கேன், உப்புப் போட்டிருக்குது, கொப்பளிங்கன்னு டம்ளரை வெச்சா. புருசனோட அக்காவை எங்க பக்கம் நங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. அவ கண்ணு ரெண்டும் சுருங்கிப் போயி, மூக்கு செவந்து, எனக்குச் சேத்தும் அவளே அழுத மாதிரி இருந்தா. வைக்கறப்ப எங்கையைப் பாத்துட்டா. காகிதத்தோட நுனி வெளிய தெரிஞ்சுது. எங்க இருந்துதுன்னு கேக்கலை. கேட்டிருந்தா அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சிருப்பேன். அவ பாத்துட்டுக் கீழ குனிஞ்சுக்கிட்டா.

"உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

ஆமான்னு தலையை ஆட்டினா. அப்பறம் கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்து சொன்னா. குட்டியானை வாங்குன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சதாம். முட்டை அட்டையைத் தூக்கித் தூக்கி முதுகு பிடிச்சுக்கிச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போயி வலின்னு சொன்னா வண்டியை விக்கச் சொல்லிருவாங்கன்னு பயமாம் அவனுக்கு. இவ கண்டுபிடிச்சு எடுத்துச் சாக்கடையில போட்டா மறுநாள் வேற சட்டையில இருக்குமாம். சண்டை போட்டிருக்கா, ரெண்டு நாள் சோறு ஆக்காம இருந்திருக்கா. அக்காகிட்ட மட்டும் சொல்லிராத, அது தாங்காதுன்னு இவ தலை மேல கை வெச்சுச் சத்தியம் வாங்கியிருக்கான். சாகற வரைக்கும் உங்களைப் பத்தித்தான் நங்கை பயந்தாருன்னா. நான் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தேன். உப்புக் கரையாம அடியில கொஞ்சம் நின்னுச்சு.

"அதனாலதான் போயிட்டாராங்க, நங்கை?"

இதைக் கேக்கத்தான் அவ வெந்நியைத் தூக்கிட்டு வந்திருக்கா. கடைசியில டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. நெஞ்சுல சளி கட்டி அது ரத்தத்துல கலந்துருச்சு, கிட்னி மாத்துனவங்களுக்கு இப்படி ஆறது உண்டு, உப்பும் கொஞ்ச நாளா ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னாரு. எதனால ஏறுச்சுன்னு நாங்க கேட்டோம், பல காரணம் இருக்கும், இதுதான்னு எனக்கே தெரியாதுன்னாரு. ஆமாம்னு சொல்லிர நாக்கு நுனிக்கு வந்துருச்சு. ஆமாண்டி, நீ மறைச்சே, அவன் தின்னான், என்னோடது எரிஞ்சுதுன்னு சொன்னா எனக்குப் பல்லு வலியே போயிரும் போல இருந்துச்சு. அவ மூஞ்சியைப் பாத்தேன். "தெரியாது அம்மிணி. டாக்டருக்கே தெரியாதுன்னுட்டாரு"ன்னேன். பொய் இல்லை. அதுதான் நெசம்.

அவ முந்தானையில மூக்கைத் தொடச்சுக்கிட்டா. அப்பறம் ரெண்டு கையிலயும் நெத்தியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மண்டை தெறிக்குதுங்க நங்கை, அழுதழுது ஒரு பக்கம் பொளக்குது, நீங்க போடலைன்னா அதைக் குடுங்கன்னு கையை நீட்டினா. நான் அவளையே பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நான் வாரத்துக்கு நாலு நாள் போடறதுதான், பண்ணையில நின்னு நின்னு முட்டை பொறுக்கறதுக்கு அது இல்லைன்னா காலே நிக்காது, சில நாள் அவரோட பொட்டலத்துல இருந்தேதான் எடுத்துப் போட்டுக்குவேன்னா. அவ பாட்டுக்குச் சொல்றா. கையை நீட்டிக்கிட்டே சொல்றா. நீட்டுன கையில மோதர விரல் வீங்கியிருந்துச்சு. அழுததுல வீங்கிச்சா, நாளைக்குத் தாலி அறுக்கறதுக்குப் பயந்து வீங்கிச்சா, வேற எதுனால வீங்கிச்சா எனக்குத் தெரியலை. கண்ணுக்குக் கீழயும் பாத்தேன். அங்கயும் வீக்கம்தான். எங்கை இறுகிப் போச்சு. அவ விளையாட்டுன்னு நெனச்சு என் விரலைப் பிரிக்கப் பாத்தா. நான் விடலை. எனக்கு அவ்வளவு பலம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியலை.

"குடுக்க மாட்டேன்"னேன். "எங்கிட்ட இன்னொண்ணு இல்ல பூங்கொடி. ஒண்ணு குடுத்துட்டேன். உனக்குக் கெட்டுப் போச்சுன்னா குடுக்கறதுக்கு எங்கிட்ட இல்ல."

அவ விரலை எடுத்துட்டா. நான் சொன்னதை நானே கேட்டேன். கேட்டதும் வயித்துக்குள்ள இடது பக்கம், ஒண்ணுமே இல்லாத பக்கம், என்னவோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு, அதுக்கு அப்பறம் எனக்கு அழுகை வந்துருச்சு. சத்தமா வந்துச்சு. சமையக்கட்டுல இருந்து பெரியம்மா என்னமோ ஏதோன்னு ஓடி வந்து, எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, அழுகட்டும் அழுகட்டும், இன்னிக்காவது அழுதாளேன்னு கதவைச் சாத்திட்டுப் போனா. பூங்கொடி எம்மடியில தலையை வெச்சுக்கிட்டா. எப்ப ஓஞ்சோம்னு தெரியலை. கையைத் திறந்து பாத்தேன். காகிதமும் மாத்திரையும் ஒண்ணாக் கொழகொழன்னு கெடந்துச்சு, உள்ளங்கை எல்லாம் மஞ்சள். வூட்டுக்குப் பின்னாடி பொடக்காளிக்குப் போயி சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுனேன். ரேகையில கொஞ்சம் நின்னுருச்சு.

பையில இருந்து என் பாராசிட்டமால் அட்டையை எடுத்தேன். பேரைப் பாத்துக்கன்னு பூங்கொடிகிட்டக் காட்டுனேன். அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சா. சாப்பிட்டியான்னு கேட்டேன், இல்லைன்னா, ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வான்னு அனுப்பினேன். வந்தா. சளிக்குத் தலைவலிக்குன்னு காலையில எதையாச்சும் முழுங்கினியான்னு கேட்டேன். காப்பியோட சரின்னா. ஒண்ணை அமுக்கி எடுத்து அவ கையில வெச்சேன், இது பஞ்சு மாதிரி ஆக்காது, வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்னேன். அது போதுங்கன்னு முழுங்கிட்டு, அந்தக் காக்கிச் சட்டையைத் தலைக்குச் சுருட்டி வெச்சுக்கிட்டுப் படுத்தா. உங்களுக்குன்னு கேட்டா. எனக்கு அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. நீ தூங்குன்னு சொல்லிட்டு, ஆறிப் போன உப்புத் தண்ணியை வாயில ஊத்தி வலிக்கற பக்கமா ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.